நாளை யார் கையில்?

மனிதன் தன் செல்வத்தைக் குறித்து எடுக்கும் முடிவுகள் யாவும் நாளையைக் குறித்த முடிவுகளே. சேமிப்பவன் இன்றைய பணத்தை நாளைக்கு அனுப்பி வைக்கிறான். கடன் வாங்குபவன் நாளைய பணத்தை இன்றைக்கே அழைத்துக் கொள்கிறான். முதலீடு செய்பவன் இன்றைய பணத்தை விதைத்து, நாளை அதனினும் கூடுதலாக அறுக்க எண்ணுகிறான். மூவருக்கும் பொதுவானது 'நாளை' என்னும் ஒன்று. அந்த நாளையோ மூவர் கையிலும் இல்லை.

திருமறையின் லுக்மான் அத்தியாயம், இறைவன் ஒருவனே அறியும் ஐந்து மறைபொருள்களைக் கூறி நிறைவடைகிறது. உலகம் முடியும் வேளை, மழை, கருவறையில் உள்ளது, ஒருவன் இறக்கும் இடம் ஆகியவற்றோடு, ஒருவன் நாளை ஈட்டப்போவது எது என்பதும் அவ்வைந்தனுள் ஒன்று. விரிவுரையாளர்கள் இவ்வீட்டத்துள் நன்மை தீமைகளையும் சேர்ப்பர்; பொருளீட்டமும் அதனுள் அடங்கும். மறுமையைப் பற்றிய பாடமாகவே நாம் ஓதிவரும் இவ்வசனம், நம் வீட்டுக் கணக்கு நோட்டுக்கும் உரியது. சேமிப்பு, கடன், முதலீடு ஆகிய மூன்றிலும் நாம் செய்யும் பிழைகள் பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து முளைக்கின்றன. நாளையை அறியாத நாம், அறிந்தவர்போல் நடந்து கொள்கிறோம் என்பதே அவ்வேர்.

நாளை மறைபொருள் என்பதற்கு எங்கள் செந்துறை வட்டாரத்தாருக்குச் சான்று தேடவேண்டியதில்லை. இது வானம் பார்த்த பூமி; முந்திரிக்காடு. மரம் நன்றாகப் பூத்திருக்கிறதே என்று மகிழ்ந்தவன், பூ கருகியபின் பறிக்க ஏதுமின்றி நின்றதுண்டு. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கரையைக் கடந்தபோது, அண்டையிலுள்ள கடலூர் மாவட்டத்தில், சிறப்பாகப் பண்ருட்டிப் பகுதியில், தலைமுறைகள் வளர்த்த முந்திரியும் பலாவும் ஒரே நாளில் வேரோடு சாய்ந்தன. முந்தைய நாள் மாலையில் அத்தோப்புகளுக்கு விலை பேசியிருந்தால், எவர்தாம் குறைத்துப் பேசியிருப்பர்?

கடல் கடந்து சம்பாதிப்போர் நிலையும் இதுவே. பெரம்பலூர் மாவட்டத்து லப்பைக்குடிக்காடு போன்ற ஊர்களில் வளைகுடா நாட்டு வருவாயை நம்பி வாழும் குடும்பங்கள் பல. 1990 ஆகஸ்டில் குவைத்து ஆக்கிரமிக்கப்பட்டபோது, இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் உடுத்திய உடையோடு விமானங்களில் தாயகம் திரும்ப நேர்ந்தது. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றிலும் அக்காட்சியே வேறு வடிவில் மீண்டது. மாதச் சம்பளம் என்பது மலையைப்போல் அசையாதது என்று எண்ணியிருந்தவர்கள், அதுவும் முந்திரிப் பூவைப் போன்றதே என்று உணர்ந்த நாள்கள் அவை.

சேமிப்பும் இறைநம்பிக்கையும்

நாளை நம் கையில் இல்லையெனில், நாளைக்காகச் சேர்த்து வைப்பது தவக்குலுக்கு மாறானதன்றோ என்று சிலர் வினவுவர். இதனை எளிய வினாவென்று ஒதுக்கிவிட முடியாது. அபூதர் கிஃபாரி (ரலி) அவர்கள் தேவைக்கு மேற்பட்டதைக் கையில் வைத்திருப்பதையே வெறுத்தார்கள். பொன்னையும் வெள்ளியையும் குவித்து வைப்போரை எச்சரிக்கும் தவ்பா அத்தியாய வசனத்தை முஸ்லிம்களுக்கும் உரியதாகவே கொண்டு வாதிட்டார்கள். தம் கொள்கைக்காக மதீனாவை விட்டகன்று, ரபதாவில் தனிமையில் மறைந்தார்கள். அன்னாரின் தூய்மைக்கு முன் நம் தலை தானே தாழ்கிறது.

எனினும் நபித்தோழர்களில் பெரும்பாலோர் வேறு விளக்கம் தந்தனர். ஜகாத் கொடுக்கப்பட்ட செல்வம், அவ்வசனம் கண்டிக்கும் புதையலாகாது என்பது அவர்களின் முடிவு. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் குடும்பத்துக்கு ஓராண்டுக்கு வேண்டிய உணவை ஒதுக்கி வைத்ததை உமர் (ரலி) அவர்கள் வாயிலாக புகாரி கிரந்தம் அறிவிக்கிறது. அவர்களைவிட இறைவனை நம்பியவர் யார்? யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்து மன்னனுக்குக் கூறிய யோசனையும் சேமிப்பே. செழிப்பான ஏழாண்டு விளைச்சலைக் கதிரோடு காத்து வைத்து, வறண்ட ஏழாண்டைக் கடக்கும் வழியை ஓர் இறைத்தூதரே வகுத்தார். ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றுத் தம் செல்வம் முழுவதையும் அறத்துக்கு எழுதிவைக்க விரும்பியபோது, மூன்றில் ஒரு பங்கே அதிகம் என்றும், வாரிசுகளைப் பிறர் முன் கையேந்த விடுவதினும் தன்னிறைவோடு விட்டுச் செல்வதே நன்று என்றும் பெருமானார் அறிவுறுத்தினார்கள்.

இவற்றை ஒருங்கே நோக்கின், சேமிப்பவன் இறைவனை நம்பாதவன் அல்லன் என்பது புலனாகும். நாளை மழை பெய்யுமா என்று எனக்குத் தெரியாது. ஆகவே ஒரு குடம் நீரை மூடி வைக்கிறேன் என்பவன், தன் அறியாமையை ஒப்புக் கொள்கிறான். ஆகவே சேமிப்பு ஒரு வகையில் பணிவு. அது எப்போது கெடுகிறது? இந்தப் பணம் என்னைக் காக்கும் என்று நெஞ்சம் அதனிடம் சென்று ஒட்டிக் கொள்ளும்போது. ஓராண்டு உணவை ஒதுக்கிய அதே பெருமானார், இவ்வுலகைப் பிரியும்போது அவர்களின் கவசம் சில படி வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகில் இருந்தது. ஒதுக்கியதைத் தேவைப்பட்டோருக்கு வழங்கி விட்டார்கள் என்று அறிஞர்கள் இரண்டையும் இணைத்து விளக்குவர். சேர்க்கவும் தெரியவேண்டும், திறக்கவும் தெரியவேண்டும். கையைக் கழுத்தோடு கட்டிக் கொள்ளவும் வேண்டா, முற்றிலும் விரித்துவிடவும் வேண்டா என்னும் திருமறையின் நடுவழி இதுவே. வருவாய் வரும் வழி குறுகலாயினும் செலவு போகும் வழி அகலாதிருந்தால் கெடுதியில்லை என்று வள்ளுவரும் இதே வாயிலைத்தான் காட்டினார்.

எங்கள் மாவட்டத்துக்கே உரிய ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். இம்மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல் இருப்பதால் சிமெண்ட் ஆலைகள் வந்தன, நிலங்கள் கைமாறின. நிலமும் ஒரு சேமிப்புத்தான். பாட்டனாரின் வியர்வை அதில் உறைந்திருக்கிறது. அதனை விற்று வந்த தொகை வாகனமாகவும் விருந்தாகவும் கரைந்துபோன வீடுகள் உண்டு. வீட்டையோ நிலத்தையோ விற்றவர் அவ்விலையை அதுபோன்ற ஒன்றிலேயே இடாவிடின் அதில் பரக்கத் இராது என்னும் கருத்துடைய நபிமொழி இப்னு மாஜாவில் காணப்படுகிறது. முதலை விற்று உண்பவன், தன் பிள்ளைகளின் நாளையையும் சேர்த்தே உண்கிறான் என்பதல்லவா இதன் உட்பொருள்?

கடன் என்னும் துணிச்சல்

சேமிப்பவன் நாளையை அறியேன் என்கிறான். வீண் பகட்டுக்காகக் கடன் வாங்குபவன் என்ன சொல்கிறான்? நாளை எனக்கு இவ்வளவு வரும். அதை இன்றே செலவிடுகிறேன் என்கிறான். நாளைய ஈட்டம் மறைபொருள் என்று ஓதிய நாவே, தவணைப் பத்திரத்தில் முப்பத்தாறு மாதங்களுக்கு வருவாயை எழுதிக் கொடுக்கிறது. தவக்குலுக்கு மாறானது எது என்று இப்போது சீர்தூக்கிப் பாருங்கள்.

கடனை மார்க்கம் தடுக்கவில்லை. உண்ண உணவுக்கும், நோய்க்கு மருந்துக்கும், பிழைப்புக்கு ஒரு கருவிக்கும் கடன்படுவது மனித வாழ்வின் இயல்பு. பெருமானாரின் கவசமே அதற்குச் சான்று. ஆனால் கடனின் கனத்தை அவர்கள் ஒருபோதும் குறைத்துச் சொன்னதில்லை. மூன்று தீனார் கடனோடு இறந்த ஒருவரின் ஜனாஸாவைத் தொழவைக்க முன்வராது தோழர்களையே தொழும்படி கூறியதும், அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனை ஏற்றபின்னரே தொழவைத்ததும் நாம் அறிந்த வரலாறு. வாரிசுரிமைச் சட்டத்திலும் கடன் அடைபட்ட பிறகே பங்கீடு. பிள்ளைகளின் பசிக்கு முன்னே கடன் கொடுத்தவன் வந்து நிற்கிறான்.

வட்டியின் கணக்கை நம் வீடுகளில் எவரும் எழுதிப் பார்ப்பதில்லை. கடைத்தெருவில் நடக்கும் தண்டலை எடுத்துக் கொள்வோம். கையில் கொடுப்பது 9,000 ரூபாய். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள்களில் 10,000 ரூபாய் வசூல். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே பணம் திரும்பிக் கொண்டிருப்பதால், கடனாளி உண்மையில் வைத்திருக்கும் தொகை சராசரியாக அதில் பாதியே. 4,500 ரூபாய்க்கு நூறு நாளில் 1,000 ரூபாய் வட்டி என்றால், ஆண்டுக்கு நூற்றுக்கு எண்பது ஆகிறது. பத்து வட்டி எனப்படுவது நூற்றுக்கு மாதம் பத்து, ஆண்டுக்கு நூற்றிருபது. கந்துவட்டிக் கொடுமைக்கு எதிராகத் தமிழகம் 2003ஆம் ஆண்டில் தனிச்சட்டமே இயற்றியது. இருந்தும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வாயிலில் ஒரு குடும்பமே தீக்கிரையான கொடுமையைத் தமிழ்நாடு கண்டது. சட்டம் வாயிலில் நின்றாலும், கடன் கொல்லைப்புறமாக வந்து விடுகிறது.

ஆகவே கடன் வாங்குமுன் ஒரு வினாவை மனத்தில் எழுப்பவேண்டும்: நாளை வரும் என்று நான் நம்புவது வராவிடில், இதனை எதிலிருந்து கொடுப்பேன்? விடை இருக்குமாயின் அது கடன். விடை இல்லையெனில் அது கடன் என்ற பெயரில் பிறர் பொருளைச் சூதில் வைப்பதே. திருமணப் பந்தலுக்கும் ஊர் மெச்சும் விருந்துக்கும் நகைகளை அடகு வைப்போர், மணமகளுக்கு மஹர் கொடுக்கச் சொன்ன மார்க்கம் அவளின் தகப்பனை அடகுக் கடைக்கு அனுப்பச் சொல்லவில்லை என்பதைச் சிந்திப்பாராக.

திருமறையின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? தொழுகையைப் பற்றியன்று, நோன்பைப் பற்றியன்று. கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. தவணை குறித்து, எழுத்தர் அமர்ந்து, கடன்பட்டவரே வாசகம் சொல்ல, சாட்சிகளோடு எழுதவேண்டும். சிறு தொகையாயினும் எழுதச் சலிப்படையலாகாது என்பது அதன் கட்டளை. நம்பிக்கையுள்ளவர்களிடையே எழுத்து எதற்கு என்பது நம் வழக்கு. நாளை யார் இருப்பார், யார் இரார் என்று தெரியாதபடியால்தான் எழுத்து. கணவன் பட்ட கடன் மனைவிக்குத் தெரியாமலும், கொடுத்த கடன் மகனுக்குத் தெரியாமலும் மண்ணறைக்குப் போய்விடுகின்றன. ஒரு நோட்டுப் புத்தகம் எத்தனை சகோதரப் பகைகளைத் தடுத்திருக்கும்!

முதலீடும் உத்தரவாதமும்

கையிருப்பைச் சும்மா வைத்திருப்பதை மார்க்கம் ஊக்குவிக்கவில்லை. ஜகாத் கடமையான அளவுக்கு மேற்பட்ட பணம் ஆண்டுதோறும் நாற்பதில் ஒரு பங்கு குறைகிறது. ஓர் இலட்சம் ரூபாயைப் பெட்டியில் பூட்டி வைத்து, முறையாக ஜகாத் கொடுத்து வந்தால், பத்தாண்டு முடிவில் ஏறத்தாழ 77,600 ரூபாயே எஞ்சும். அனாதைகளின் செல்வத்தை ஜகாத் தின்றுவிடாதபடி வணிகத்தில் ஈடுபடுத்துங்கள் என்று உமர் (ரலி) அவர்கள் அறிவுறுத்தியதாக முவத்தா பதிவு செய்கிறது. ஆகவே முதலீடு பேராசையன்று. செல்வம் சமுதாயத்தில் உலவுவதற்கான வழி.

ஆனால் இங்கேயும் நாளையை அறிந்தவர்போல் பேசுவோர் வந்து சேருகின்றனர். 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் பெங்களூரில் ஐ-மானிட்டரி அட்வைசரி என்னும் நிறுவனம் சரிந்தது. வட்டியில்லா ஹலால் முதலீடு என்ற பெயரில் பணம் திரட்டிய அதன் நிறுவனர் நாட்டைவிட்டு வெளியேறி, அடுத்த மாதம் தில்லி திரும்பியபோது கைது செய்யப்பட்டார். ஏமாந்த பல்லாயிரவரில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். மகளின் திருமணத்துக்கும் ஹஜ்ஜுக்கும் சேர்த்த பணமும், விற்ற நகையும் அதில் போயின. 2022இல் தமிழகத்தில் வெளிப்பட்ட ஆருத்ரா மோசடியிலோ சமய வேறுபாடே இல்லை. மாதந்தோறும் நூற்றுக்கு இருபத்தைந்து, முப்பது என்ற வாக்குறுதியை நம்பி, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் கொட்டினர் என்பது பொருளாதாரக் குற்றப்பிரிவினரின் கணக்கு.

ஹலால் என்ற சொல்லை நம்பியவர்கள், ஹலாலின் சட்டத்தை ஒருமுறை புரட்டியிருந்தால் தப்பியிருப்பர் என்பதே இதில் நெஞ்சை வருத்துவது. முளாரபா என்னும் கூட்டு வணிகத்தில் ஒருவர் முதலையும் மற்றவர் உழைப்பையும் தருகிறார். இலாபத்தைப் பாதி, மூன்றில் ஒன்று என்று விகிதமாகத்தான் பேசலாம். இவ்வளவு ரூபாய் தருவேன் என்று தொகையாகப் பேசினால் ஒப்பந்தம் செல்லாது. உழைப்பவரின் தவறின்றி நட்டம் நேர்ந்தால் அது முதலைச் சேரும். இது நம் மதரஸாக்களின் ஃபிக்ஹு நூல்கள் எல்லாம் கூறும் சட்டம். முதலுக்கு உத்தரவாதம், மாதத்துக்கு நிலையான இலாபம், நட்டமே இல்லை என்று ஒருவன் சொன்னால், அவன் இரண்டில் ஒன்று: வட்டிக்கு வேறு பெயர் சூட்டியவன், அல்லது மறைபொருளை அறிந்ததாகப் பொய் சொல்பவன். முந்தையவனிடம் சேர்வது பாவம். பிந்தையவனிடம் சேர்வது பாவமும் நட்டமும்.

மரத்தில் கனி முற்றுவதற்கு முன் அதனை விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இறைவன் அக்கனியைத் தடுத்துவிட்டால், எதற்கு ஈடாக உன் சகோதரனின் பணத்தை எடுத்துக் கொள்வாய் என்பது அன்னாரின் கேள்வி. பூப்பதற்கு முன்பே தோப்பின் விளைச்சலை விலை பேசுவோர்க்கு இக்கேள்வி நேராகவே உரியது. வெறுங்காகிதத்தில் இலாபத்தைப் பூக்கவிட்ட நிறுவனங்களுக்கு அதனினும் பொருந்தும்.

பிறர் பணத்தைக் கையில் வாங்குவோர்க்கு ஜுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களின் வாழ்வு ஒரு பாடம். மக்கள் அவர்களிடம் அமானிதமாகப் பணம் கொண்டு வருவர். இல்லை, இதனைக் கடனாகவே ஏற்கிறேன். தொலைந்து விட்டால் உங்களுக்கு நட்டமாகும் என்று அஞ்சுகிறேன் என்பார்கள். அமானிதம் தன் தவறின்றித் தொலைந்தால் பொறுப்பில்லை. கடனாயின் எந்நிலையிலும் திருப்பித் தந்தாகவேண்டும். அவர்கள் இறந்தபோது அப்பொறுப்பு 22 இலட்சமாக இருந்தது. மகனார் அப்துல்லாஹ் (ரலி) நிலத்தை விற்று அடைத்ததோடு, நான்கு ஆண்டுகள் ஹஜ் காலத்தில் கடன் உரியோரைக் கூவியழைத்த பின்னரே வாரிசுகளுக்குப் பங்கிட்டார். இன்று பொறுப்பைக் குறைத்துக்கொள்ளவே ஒப்பந்தம் எழுதுகின்றனர். அன்று பொறுப்பைக் கூட்டிக்கொள்ள எழுதினர்.

ஊர்ச் சீட்டிலும் இந்நோக்கு வேண்டும். எல்லாரும் சமமாகக் கட்டி, குலுக்கலில் வந்தவர் முழுத் தொகையும் பெறுவது ஒருவருக்கொருவர் தரும் கடன் உதவி. ஏலச்சீட்டில் மிகவும் தேவைப்பட்டவர் அதிகம் தள்ளி எடுக்க, அவர் இழந்ததை மற்றவர் பங்கிடுகின்றனர். ஒருவரின் நெருக்கடி பிறருக்கு இலாபமாகிறது. உலமாக்கள் பலர் அதனை ஏற்காததன் காரணம் இதுவே.

சமுதாயத்தின் பங்கு

இத்துணையும் தனிமனிதனை நோக்கிக் கூறியவை. ஆனால் மிம்பரில் நின்று வட்டி ஹராம் என்று சொல்லிவிட்டு இறங்கும் நமக்கும் ஒரு வினா உண்டு. பிரசவத்துக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் பணமின்றித் தவிக்கும் ஒரு தாய், குழுக் கடனுக்கும் அடகுக் கடைக்கும் போகாமல் வேறெங்கே போவாள்? அவளுக்கு ஒரு கதவைத் திறக்காமல் மற்றக் கதவுகளை மட்டும் அடைப்பது உபதேசமா? வணிகத்தை ஆகுமாக்கி வட்டியைத் தடுத்த அல்பகரா அத்தியாயம், அதையடுத்தே கஷ்டப்படும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. தள்ளுபடி செய்தால் இன்னும் நன்று என்கிறது. ஜகாத் பெறத்தக்க எட்டு வகையினரில் கடன்பட்டோரும் ஒரு வகையினர். பொதுநிதி பெருகியபோது பெருமானாரே இறந்தவர்களின் கடன்களை ஏற்றார்கள்.

இது நடவாத கற்பனையன்று. தேவ்பந்தில் 1961ஆம் ஆண்டு தொடங்கிய முஸ்லிம் ஃபண்டு, சிறு சேமிப்புகளைத் திரட்டி நகை ஈட்டின்மேல் வட்டியின்றிக் கடன் வழங்கும் முறையை வளர்த்தது. மலேசியக் கிராமத்தார் ஹஜ்ஜுக்காக நிலத்தையும் கால்நடையையும் விற்று வறியவராகத் திரும்புவதைக் கண்ட பொருளியல் அறிஞர் உங்கு அஜீஸ் 1959இல் ஒரு திட்டம் தந்தார். 1963இல் அது ஹஜ் சேமிப்பு நிறுவனமாக உருப்பெற்று, தாபுங் ஹாஜி என்ற பெயரில் இன்றும் இயங்குகிறது. தமிழகத்திலும் பைத்துல்மால் அமைத்து வட்டியில்லாக் கடன் கொடுக்கும் ஊர்கள் பல.

இத்தகைய நிதிகளை அழிப்பவர்கள் வட்டிக்காரர்கள் அல்லர். திருப்பிக் கொடாத நம்மவர்களே. வட்டிக் கடனை அஞ்சி அடைக்கிறோம். அழகிய கடனை ஸதகாவாகக் கருதி மறக்கிறோம். வசதியுள்ளவன் கடனைத் தாமதிப்பது அநீதி என்பது நபிமொழி. ஒருவர் திருப்பித் தராத ஐயாயிரம் ரூபாய், வரிசையில் நிற்கும் அடுத்தவரைத் தண்டல்காரனிடம் அனுப்புகிறது. அவர் செலுத்தும் வட்டியின் பாவத்தில் நமக்கும் பங்கில்லை என்று யாரால் உறுதி கூறமுடியும்?

நாளை இறைவன் கையில் உள்ளது. அதனால் இன்றைய பொறுப்பு நம் கையிலிருந்து நீங்கிவிடவில்லை. அறியாத நாளைக்காகச் சிறிது ஒதுக்குவதும், அறியாத நாளையை அடகு வைக்காதிருப்பதும், அறிந்ததாகச் சொல்பவனை நம்பாதிருப்பதும், வாங்கியதை எழுதி வைத்து உரிய நாளில் கொடுப்பதும் இன்று நம்மால் ஆகக் கூடியவை. கடனின் பாரத்திலிருந்து பெருமானார் (ஸல்) அவர்களே பாதுகாவல் தேடியிருக்கிறார்கள். நம் இல்லங்களையும் வல்ல இறைவன் அப்பாரத்திலிருந்து காத்தருள்வானாக! ஆமீன்.